மலைநாட்டுப் பாதையில் ஒரு பரீட்சை

வெள்ளவத்தையில் எமது ஒழுங்கையிலிருந்து அதிகாலை நான்கு மணிக்கு ஒரு மோட்டார் வண்டி புறப்படுமானால், அச்செய்தி முதலில் எட்டுவது அயல்வீட்டு நாய்களுக்கேயாம். பத்தொன்பது வருடகாலமாக எம்மிடம் உழைத்து வரும் எமது பழைய வண்டி இருமிச் செருமிப் பின்னரே உயிர் பெறும் சுபாவமுடையது. அதன் முதல் இருமலுக்கே நாய்கள் எழுந்துவிடும். இரண்டாவது இருமலுக்கு எதிர்வீட்டு விளக்கு எரியும். சென்ற 2025 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்புறம் இந்த வழமை தவறிற்று. வண்டியில் ஏறி அமர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினோம். ஒரு சிறு பச்சை விளக்கு மாத்திரம் எரிந்தது. ஓசை என்று சொல்ல ஒன்றுமில்லை.

"இஞ்சருங்கோ, இன்னும் ஸ்ராட் பண்ணேல்லையோ?" என்றாள் எமது மனையாள்.

அவள் வினாவி முடிப்பதற்குள் வண்டி ஒழுங்கையின் பாதியைக் கடந்துவிட்டது. நாய்கள் உறங்கிக்கொண்டிருந்தன. வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மிக்க மரியாதையுடன் யப்பானிய மொழியில் ஏதோ கூறிற்று. அந்நாட்டு நெடுஞ்சாலைகளிற் சுங்கம் செலுத்துவதற்குரிய அட்டை செருகப்படவில்லை என்று அக்குரல் எச்சரிக்கின்றதாம். யப்பானை விட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னரும் அந்த நங்கை இல்லாத அட்டையைத் தேடி ஏமாந்துகொண்டேயிருக்கிறாள்.

அது எமது வண்டியன்று. அயல்வீட்டுத் தம்பி ஒருவருடையது. அவர் குடும்பத்துடன் கனடாவுக்குக் குடிபெயர ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். தமது 'அக்குவா' காரை 68 இலட்சம் ரூபாவுக்கு எமக்குத் தருவதாகச் சொன்னார். நாம் தயங்குவதைக் கண்டு, "மாமா, ரெண்டு நாளைக்குக் கொண்டுபோய் ஓடிப் பாருங்கோ. மலைக்குக் கொண்டுபோங்கோ. பிறகு சொல்லுங்கோ" என்று சாவியைக் கையில் வைத்தார். மலைக்குப் போகவேண்டிய அலுவல் எமக்கும் இருந்தது. தலவாக்கலையில் வாழும் எமது தமக்கையாரின் கணவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஆண்டுத் திவசம். ஆகவே ஒரே பிரயாணத்தில் கடமையும் பரீட்சையும் நிறைவேறட்டும் எனப் புறப்பட்டோம்.

பெற்றோல் இயந்திரமும் மின்சார மோட்டாரும் ஒருங்கே அமைந்த கலப்பு வண்டிகளை இப்போது யாவரும் 'ஹைபிரிட்' என்றே வழங்குகின்றனர். டொயோட்டா நிறுவனம் 1997 ஆம் ஆண்டு டிசெம்பரில் 'பிரியஸ்' என்னும் பெயருடன் இவ்வகைக் காரை யப்பானிற் பெருந்தொகையாக விற்பனைக்கு விட்டது. அதன் விலை சாதாரண குடும்பத்தவர்க்கு எட்டாததாயிருந்தமையால், சிறிய உருவில், குறைந்த விலையில் ஒன்றைச் செய்து 2011 ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில் வெளியிட்டனர். அதுவே அக்குவா. யப்பானின் வடகிழக்கே இவாத்தே மாகாணத்தில் அது செய்யப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அழித்த பிரதேசத்திலிருந்து, ஆண்டு முடிவதற்குள் ஒரு புதிய கார் வெளிவந்தது என்பதை நினைக்கையில் வியப்பே தோன்றுகின்றது. அங்கே அதன் ஆரம்ப விலை 16 இலட்சத்து 90 ஆயிரம் யென். யப்பானியக் குடும்பத்துக்கு அது சிக்கனக் கார்.

கடல் கடந்து எம் நாட்டுக்கு வந்ததும் சிக்கனம் என்ற சொல் பொருள் மாறிவிடுகின்றது. தீர்வைகள் ஒருபுறமிருக்க, 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், உள்ள வண்டிகளே கைமாறிக் கைமாறி விலை ஏறின. பழசாகப் பழசாக விலை கூடும் பண்டங்களுக்குள் எம்மவர் பொன்னையும் பழம் புளியையும் மட்டுமே முன்னர் அறிந்திருந்தனர்.

நுகேகொடை, மஹரகம, கொட்டாவை, ஹோமாகம என ஹைலெவல் வீதி நெடுகிலும், விடியுமுன்னரே சந்தைக்கு வரும் லொறிகளும் பஸ்களும் நெருக்கத் தொடங்கியிருந்தன. நிற்பதும் நகர்வதுமான இத்தகைய வீதியே கலப்பு வண்டிக்கு உகந்த களம். வண்டி நிற்கும்போது இயந்திரம் தானே அணைந்துவிடுகின்றது. மெதுவாக நகரும்போது மின்மோட்டார் மாத்திரம் சக்கரங்களை உருட்டுகின்றது. தடையை மிதிக்கும்போது, சாதாரண காரில் வெறும் சூடாகி வீணாகும் சக்தியின் ஒரு பங்கை, அம்மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி மின்சாரமாக்கிப் பின் ஆசனத்தின் கீழுள்ள பற்றரிக்கு அனுப்புகின்றது. சாரதி செய்யவேண்டியது ஒன்றுமில்லை. பொறுமையாக மிதித்தால் போதும். பொறுமை எமக்கு வயதினால் வந்திருந்தது. மஹரகமவைத் தாண்டும்போது, ஒரு லீற்றரில் 23 கிலோமீற்றர் ஓடுவதாக முன்பலகை காட்டிற்று. எமது பழைய வண்டி அதே வீதியில் பத்தைத் தாண்டியதில்லை.

இங்கே வாசகர்களுடன் ஒரு கணக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கொஸ்கமவுக்கும் அவிசாவளைக்கும் இடையில் நாம் மனத்துக்குள் அதைத்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். பழைய வண்டியை விற்றால் 32 இலட்சம் கிடைக்குமென்று ஒருவர் சொல்லியிருந்தார். ஆகவே கையிலிருந்து போடவேண்டியது 36 இலட்சம். அது நாம் இளைப்பாறியபோது பெற்ற பணமும் அதன் பின் சேமித்ததுமாகும். எமக்கு வேறு முதல் இல்லை. மாதம் ஒன்றுக்கு நாம் ஓடுவது 800 கிலோமீற்றர். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், பழைய வண்டிக்கு 80 லீற்றர், 24,000 ரூபா. புதியது லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடுமாயின் 40 லீற்றர், 12,000 ரூபா. மாதாந்த இலாபம் 12,000. நல்லது. ஆனால் அந்த 36 இலட்சத்தையும் வங்கியில் நிலையான வைப்பில் நூற்றுக்கு எட்டு வட்டிக்கு இட்டால், மாதம் 24,000 ரூபா வருகின்றதே! பன்னிரண்டாயிரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இருபத்துநாலாயிரத்தை இழப்பது எந்த ஊர்க் கணிதம்?

இதை மனையாளிடம் உரத்துச் சொன்னோம். அவள் கணக்காசிரியராக இருந்தவளல்லள். ஆயினும் வீட்டுக் கணக்கை நாற்பது வருடங்கள் பார்த்தவள்.

"2022 இலை வங்கியிலை காசு கிடந்ததுதானே. அதைக் கொண்டு ஒரு லீற்றர் எண்ணெய் வாங்க முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டு, யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்டிச் சென்றதையும், வங்கியிற் கிடந்த எமது பணத்தின் பெறுமதி கரைந்துகொண்டிருக்கையில், வாசலில் நின்ற துருப்பிடித்த வண்டியின் விலை ஏறிக்கொண்டிருந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அவள் சொல்லியது அதை மாத்திரமன்று.

2022 ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. அத்துடன் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனைய வாகனங்களுக்கு எரிபொருள் விநியோகம் சிறிது காலம் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய வாரத்தில் இரண்டு பகலும் ஓர் இரவும் வரிசையில் நின்றும் வெறுங்கையுடன் திரும்பியிருந்தோம். ஜூலை முதல் வாரத்தில் ஓர் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. தலவாக்கலையில் அத்தான் காலமாகிவிட்டார். மறுநாள் நண்பகலிற் கிரியை. எமது வண்டியின் தாங்கியில் எட்டு லீற்றர் இருந்தது. யட்டியாந்தோட்டை அளவில் அது தீர்ந்துவிடும் என்பதை அறிய வாத்தியார் தேவையில்லை. விடியற்காலையில் கோட்டைப் புகையிரத நிலையத்துக்குப் போனோம். ஊரே ஏறிய புகையிரதம் அது. படியிற் காலை வைக்கவும் இடம் கிடைக்கவில்லை. முழங்கால் நோவுடன் நின்ற மனையாளை அழைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். அத்தானின் முகத்தை நாம் காணவில்லை.

பின்னர், அதே மாதத்தில் கியூ.ஆர். அட்டை முறை வந்து, ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் எனப் பங்கிட்டனர். 2023 செப்டெம்பர் வரை அம்முறை நிலைத்தது. முதலில் அளந்த இருபது லீற்றரில் அயல்வீட்டு அக்குவா நானூறு கிலோமீற்றர் ஓடிற்று. நாம் இருநூறுடன் நின்றோம். அந்நாள் முதலாகவே மனையாளின் கண் அந்தக் காரில் விழுந்திருக்க வேண்டும் என்பது எமது ஊகம்.

அவிசாவளையைக் கடந்ததும் களனி கங்கை கூடவே வருகின்றது. கித்துள்கலையில் ஒரு கடையில் நிறுத்தித் தேநீர் அருந்தினோம். 1957 இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' திரைப்படத்தின் பாலம் இங்கேதான் கட்டப்பட்டு, படத்துக்காகவே தகர்க்கப்பட்டது. இப்போது இரப்பர்ப் படகுகளில் இளைஞர் கூச்சலிட்டுக்கொண்டு நீர்ச்சுழிகளிற் பாய்கின்றனர். தென்மேற்குப் பருவமழையினால் ஆறு செந்நிறமாகப் பெருகியிருந்தது.

கித்துள்கலைக்கு மேலேதான் பரீட்சையின் கடின வினாத்தாள். கினிகத்தனை வரை பாதை வளைந்து வளைந்து ஏறிக்கொண்டேயிருக்கின்றது. எமது பழைய வண்டியில் இவ்வழியாகப் போகும்போதெல்லாம், ஒரு கானில் தண்ணீர் எடுத்துச் செல்வோம்; பாதிவழியில் ஆவி கக்கும்; மூடியைத் திறக்காமல் அரைமணி நேரம் மலையழகை இரசிக்க வேண்டியதுதான். அக்குவா ஆவி கக்கவில்லை. ஆனால் அதன் மௌனமும் இங்கே கலைந்துவிட்டது. பற்றரியின் நிலையைக் காட்டும் எட்டுக் கோடுகளில் ஆறு இருந்தன. வளைவுக்கு ஒன்றாகக் குறைந்து, அரைமணி நேரத்தில் இரண்டாயின. இனி மோட்டாரின் உதவி சொற்பமே. ஆயிரத்து ஐந்நூறு கனசென்ரிமீற்றர் இயந்திரம் தானே எல்லாவற்றையும் இழுக்க வேண்டியதாயிற்று. அழுத்தினால் அழுத்தினபடி, மாவரைக்கும் ஆலையைப்போல் ஒரே சுருதியில் ஓலமிட்டதேயன்றி, வேகம் அதற்கேற்பக் கூடவில்லை. பின்னால் வந்த பஸ் சாரதி தமது ஊதுகுழலால் எம்மீது அபிப்பிராயம் தெரிவித்தார். நாம் ஒதுங்கி வழிவிட்டோம். கலப்பு வண்டி என்பது மந்திரமன்று என்பதைக் கினிகத்தனை ஏற்றம் எமக்குத் தெளிவாகச் சொல்லித் தந்தது. இறக்கத்திலும் நெரிசலிலும் சேர்த்துவைத்த காசையே அது ஏற்றத்தில் செலவிடுகின்றது. கையிருப்புத் தீர்ந்தால் அதுவும் ஏனைய சிறு கார்களுள் ஒன்றே.

ஹட்டனில் குளிர் ஆரம்பித்துவிட்டது. அப்பால் டெவன் அருவியும் சென் கிளெயர் அருவியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. தலவாக்கலையில் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் பின்னர், சென் கிளெயர் முன்போல் எந்நேரமும் கொட்டுவதில்லை; விழவேண்டிய நீர் சுரங்கவழியாகச் சென்று மின்சாரமாகின்றது. எமது ஆசனத்தின் கீழ் நிகழும் வித்தையும் இதுவேயன்றோ என்று மனையாளுக்கு விளக்கப் புகுந்தோம். அவள் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டை அடைந்தபோது முன்பலகை, கொழும்பிலிருந்து 148 கிலோமீற்றரையும், லீற்றருக்கு 17 கிலோமீற்றரையும் காட்டிற்று. வண்டியை நிறுத்திவிட்டு உடனே இறங்காமல் சிறிது நேரம் இருந்தோம். எட்டைப் பதினேழாற் பெருக்கினால் நூற்று முப்பத்தாறு. அந்த எட்டு லீற்றருடன் இந்தக் கார் அன்று எம்மை ஹட்டனுக்கு அப்பால் கொண்டுவந்து, தலவாக்கலைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் இப்பால் விட்டிருக்கும். அந்தப் பன்னிரண்டு கிலோமீற்றரை என்ன செய்திருப்போம் என்று அதற்கு மேல் நாம் கணக்குப் பார்க்கவில்லை.

"உது சத்தமில்லாமல் வந்து நிக்குது தம்பி. நான் காணவேயில்லை" என்று சொல்லிக்கொண்டு அக்கா வாசலுக்கு வந்தா. எழுபத்தெட்டு வயது. அத்தான் இங்கே பாடசாலையில் ஆசிரியராக மாற்றம் பெற்று வந்த காலத்தில், இரண்டு வருடத்தில் யாழ்ப்பாணம் திரும்பிவிடலாம் என்று எண்ணியே பெட்டியை முழுவதும் பிரிக்காமல் வைத்திருந்தாவாம். பின்னர் மலை அவவை விடவில்லை. மறுநாட்காலை திவசம் முறைப்படி நிறைவேறிற்று. பிண்டம் வைத்த பின், காகங்கள் வரத் தாமதித்தபோது, "அவர் எப்பவும் சாப்பாட்டுக்குப் பிந்தித்தான் வாறவர்" என்று அக்கா மெல்லச் சொன்னா. 2022 ஐப் பற்றி அவ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்று மதியத்துக்குப் பின், ஊரிலுள்ள ஒரு பழுதுபார்க்கும் கராஜுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளைஞர் தோட்டத்தில் பிறந்து, கொழும்பிற் தொழில் பயின்று திரும்பியவர். பின் ஆசனத்தின் ஓரத்தில், அடிப்புறமாக இருந்த ஒரு சிறிய சாளரத்தைக் காட்டினார். பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அவ்வழியேதான் செல்கின்றதாம். அதன் வடியை எடுத்து உதறினார். மூன்று வருடத்துக் கொழும்புத் தூசி மேசையில் விழுந்தது.

"சார், இந்த வண்டிக்கு எமன் வயசு இல்லீங்க, சூடுதான். இத யாரும் தொறந்தே பாக்கிறதில்ல" என்றார்.

அந்தப் பற்றரி நிக்கல் உலோகக் கலப்பினாலாகிய இருபது சிறு தொகுதிகளைக் கொண்டது. யாவும் சேர்ந்து 144 வோல்ற்று. அவற்றுள் ஒன்று நலிந்தாலும் முழுத் தொடரும் நலிவுறும். சிலர் நலிந்த ஒன்றை மட்டும் பிடுங்கி, வேறொரு வண்டியிற் கழித்ததைப் பொருத்தி, விளக்கெரியாமற் செய்து விற்றுவிடுகின்றனர். சில மாதங்களில் அடுத்தது விழும். அதன் பின் இன்னொன்று. அவர் தமது கருவியை இணைத்து ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தத்தையும் வாசித்தார். ஓரிடத்தில் நெற்றியைச் சுருக்கினார். ஆசனத்தைக் கழற்றிப் பார்த்தபோது, இருபதில் இரண்டு தொகுதிகள் வேறு அடையாளம் உடையனவாய் இருந்தன. எப்போதோ ஒருமுறை கை வைக்கப்பட்டிருக்கிறது. "கோடு கொறையிறது பெரிசில்ல சார். எறங்கும்போது எட்டும் நெறஞ்சிட்டு, சமதரைக்கு வந்ததும் சரசரன்னு விழுந்தா அப்பத்தான் யோசிக்கணும். ரம்பொடை எறக்கத்துல பாருங்க." திருத்தியமைத்த பற்றரிக்கு ஒன்றரை முதல் இரண்டு இலட்சமும், புத்தம் புதியதற்கு நான்கு இலட்சத்துக்கு மேலும் ஆகுமென்றார். தடைக்கட்டைகள் மட்டும் புதியவைபோலவே இருந்தன. மோட்டாரே பாதி வேகத்தைத் தடுத்துவிடுவதால் இவ்வகை வண்டிகளில் அவை எளிதிற் தேய்வதில்லையாம்.

கூலியாக அவர் கேட்டது ஆயிரத்து ஐந்நூறு ரூபா. கராஜுக்கு எதிரே மலைச்சரிவில் கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் முதுகுச் சுமையுடன் வரிசையில் நின்றனர். தோட்டத் தொழிலாளிக்கு 2024 இல் வர்த்தமானியில் விதிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் பார்க்கும் பீடை எம்மை விட்டபாடில்லை: 68 இலட்சம் என்பது அவர்களது ஐயாயிரம் நாள். சிக்கனக் கார் என்ற சொற்றொடரை அதன் பின் அந்த ஊரில் நாம் வாயாற் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை திரும்பினோம். அக்கா சும்மா அனுப்புபவவல்ல. லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு என்று இரண்டு சாக்குகள். வண்டியின் பின்பெட்டி மிகச் சிறியதாகையால், ஒன்று பின் ஆசனத்துக்கு ஏறிற்று. வீட்டுக்கும் பெருந்தெருவுக்கும் இடையிலுள்ள தோட்டப் பாதையில், வண்டியின் அடிவயிறு இருமுறை கல்லில் உரசியது. தரையிலிருந்து ஐந்தரை அங்குலமே உயர்ந்த வண்டி அது. யப்பானின் நகர வீதிகளுக்கென்று அளந்து செய்தவர்கள் தலவாக்கலைத் தோட்டப் பாதையைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். அத்துடன் இந்த வண்டியில் மேலதிகச் சக்கரமும் இல்லை. ஒரு பசைப்புட்டியும் காற்றடிக்கும் சிறு கருவியுமே வைத்திருந்தனர். ரயர் கிழிந்தால் புட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கலாம்.

நானுஓயாவைக் கடந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை எட்டும்போது, பின்னாலிருந்து சூறைக்காற்று வீசுவதுபோல ஓர் இரைச்சல் எழுந்தது. பற்றரி போயிற்று என்றே நாம் முடிவு செய்துவிட்டோம். வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்த மனையாள், ஒன்றும் பேசாமல் இறங்கிச் சென்று, பின் ஆசனத்திலிருந்த சாக்கை அப்பால் இழுத்து வைத்தாள். அக்காவின் கோவாவும் கரட்டும் அந்தச் சிறிய சாளரத்தை முற்றாக அடைத்துக்கொண்டிருந்தன! பத்து நிமிடத்தில் இரைச்சல் அடங்கிற்று. பின் ஆசனத்தில் சாமான் ஏற்றுகின்ற எத்தனை குடும்பங்கள் இதையறியாமல் பற்றரியைப் பொசுக்கியிருக்குமோ!

லபுக்கலைத் தேயிலைச் சரிவுகளில் முகில் படிந்து கிடந்தது. அங்கிருந்து ரம்பொடை வழியாகப் பாதை கீழ் நோக்கிப் பாய்கின்றது. இயந்திரம் அணைந்துவிட்டது. ஒரு துளி பெற்றோலின்றி, மூன்று கோடுகள் நான்காகி, ஐந்தாகி, ரம்பொடை அருவிக்கு வெகு முன்னரே எட்டும் நிறைந்துவிட்டன. அதற்கு மேல் அந்தச் சிறிய பற்றரியிற் கொள்ள இடமில்லை. இவ்வளவு பெரிய மலையின் இறக்கம் முழுவதையும் ஒரு செம்புக்குள் பிடிக்க முடியுமோ? மிச்சமெல்லாம் வழிந்தோட வேண்டியதே. இந்நிலையிற் தடையை மட்டும் நம்பாமல், கியர்க் கோலை 'பி' என்னும் எழுத்துக்கு மாற்றவேண்டும்; இயந்திரமே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். இதை அறியாதவர்கள் மலையிறங்கும்போது தடையை ஓயாது மிதித்துச் சூடேற்றிவிடுகின்றனர். ரம்பொடையில் நிறுத்தி அருவியைப் பார்த்தோம். பருவமழையில் அது முழுக்கோலத்தில் இருந்தது. அதை மட்டும் எந்தக் கருவியாலும் அளக்கத் தோன்றவில்லை.

புசல்லாவையைக் கடந்து கம்பளையில் சமதரைக்கு வந்தோம். இப்போதுதான் கராஜ் இளைஞர் சொன்ன சோதனை. எட்டுக் கோடுகள் ஏழாயின. பேராதனை வரை சிறிது சிறிதாகக் குறைந்து ஐந்தில் நின்றன. சரசரவென்று விழவில்லை. மனையாள் முன்பலகையைப் பார்த்த பார்வையில் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்கும் தாயின் கலக்கம் இருந்தது. கடுகண்ணாவையில் டோசன் நினைவுத் தூணைத் தாண்டி இறங்கி, கண்டி வீதியின் நெரிசலில் மீண்டும் வண்டி தன் இயல்பான மௌனத்தில் ஆழ்ந்தது. வெள்ளவத்தையில், புறப்படுமுன் நிரப்பிய அதே இடத்திற் தாங்கியை நிரப்பியபோது, மூன்று நாளில் ஓடிய 362 கிலோமீற்றருக்கு 18 லீற்றர் பிடித்தது.

இனி, வாங்கத்தக்கதா என்று கேட்கும் வாசகர்க்கு எமது அபிப்பிராயம். கொழும்பின் நெரிசலில் நாள்தோறும் காலையும் மாலையும் ஓடுபவர், வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர் ஆகியோர்க்கு, பற்றரியை ஆசனம் கழற்றிப் பார்த்து வாங்குவாராயின், இவ்வண்டி போட்ட காசைத் தேடித் தரும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் மாதமொருமுறை கலியாண வீட்டுக்கும் போகின்றவர் பெற்றோல் மிச்சம் என்ற ஆசையால் சேமிப்பை உடைப்பது புத்தியன்று. உள்ள வண்டியைச் செப்பனிட்டு வைத்திருப்பதே மேல். எமது கணக்கின்படி நாம் இரண்டாவது வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஆனால் எமது வீட்டில் கணக்கு இருவர் கையில் இருக்கின்றது.

சாவியைக் கொடுக்கச் சென்றபோது, பற்றரியில் இரண்டு தொகுதிகள் மாற்றப்பட்டிருப்பதைத் தம்பியிடம் சொன்னோம். அவர் முகம் வாடிற்று. அவரும் மூன்று வருடத்துக்கு முன் இன்னொருவரிடம் வாங்கியவரே. ஆசனத்தைக் கழற்றிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாம் அடுத்துச் சொல்லவேண்டியதை யோசித்துக்கொண்டிருக்கையில், மனையாள் ஒரு பை லீக்ஸை அவரது மனைவியிடம் நீட்டியபடி, "ரெண்டரை இலட்சம் குறையுங்கோ தம்பி. அந்தக் காசுக்கு நாங்கள் பற்றரியை மாத்திக்கொள்ளுறம்" என்றாள். அவர் சற்று யோசித்து, இரண்டு குறைப்பதாகச் சொன்னார். புதன்கிழமை பத்திரங்களைப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மனையாள் அக்காவுடன் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தாள். ஆவணி மாதத்தில் கண் வைத்தியரிடம் காட்ட அக்கா கொழும்புக்கு வருவதென்றும், புகையிரதத்தில் வரவேண்டாம், நாமே வந்து அழைத்துக்கொள்வதென்றும் அங்கே தீர்மானமாகிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற பழைய வண்டிக்கு உறையைப் போட்டுவிட்டு வந்தோம். அன்றிரவும் மழை வரும் போலிருந்தது.